பன்றியைக் கடிக்கும் நாயா, மறித்துக் குரைக்கும் நாயா?

மரவள்ளியும் கச்சானும் நட்ட குடும்பங்களுக்குக் காட்டுப்பன்றியின் சேதத்தை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டம் சாமத்தில் இறங்கினால், விடியும்போது மூன்று மாத உழைப்பு கிளறிய மண்ணாகக் கிடக்கும். இடப்பெயர்வினால் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமற் கிடந்த காணிகள் பற்றையாகின. பற்றை பன்றிக்கு வீடு. 2009இல் போர் முடிந்து காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் ஒரு பக்கத்தைத் திருத்திப் பயிரிட்டபோது, மறு பக்கத்தில் பன்றி குடியிருந்தது. இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல், உறவினர் காணியிலோ குத்தகைக் காணியிலோ பயிர் செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். கம்பிவேலி அடிக்கக் காசு வேண்டும். பெரும்பாலான குடும்பங்களின் கையில் இருப்பது ஒரு நாய் மட்டுமே. ஆகவே, "பன்றிக்கு எப்படிப்பட்ட நாய் நல்லது?" என்ற கேள்வி எழுகின்றது. "பெரிய நாய், விடாமற் கடிக்கிற நாய்" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில். இந்தப் பதில் சரியானதா? பன்றி வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக நாய் வளர்த்த பிற நாட்டு மக்களின் அனுபவத்தையும் எமது ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் பன்றியை அறிவோம்

காட்டுப்பன்றிக்குப் பார்வை குறைவு. மூக்கும் காதும் மிகக் கூர்மையானவை. பெட்டைப் பன்றிகள் குட்டிகளோடு கூட்டமாகத் திரியும். வளர்ந்த கடுவன் பன்றி பெரும்பாலும் தனியே திரியும். கடுவனின் கீழ்த்தாடை வேட்டைப்பற்கள் மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து கத்தி போலக் கூராகின்றன. அது தலையைத் தாழ்த்தி, மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டு நாயின் நெஞ்சிலோ கழுத்திலோ வயிற்றிலோ விழும். மனிதனின் தொடையிலும் விழும். கடுவனின் தோளில், தோலுக்குக் கீழே, தடித்த கவசம் போன்ற பகுதி உண்டு. அங்கே நாய் கடித்துப் பயனில்லை.

மற்றொரு குணம் எமக்கு மிக முக்கியமானது. பன்றிக்கு வியர்த்து உடற்சூடு தணியும் வசதி இல்லை. ஓட ஓட விரைவில் சூடேறிவிடும். ஆகவே அது நெடுந்தூரம் ஓடிக்கொண்டிராது. சேறு, நீர், அடர்ந்த பற்றை, விழுந்த மரம் போன்ற ஓர் இடத்தை அடைந்ததும் பின்புறத்தைக் காத்துக்கொண்டு, முகத்தைக் காட்டி நின்றுவிடும். பன்றி நாயின் வேலை முழுவதும் இந்தக் குணத்தை வைத்தே அமைந்துள்ளது.

நாயின் வேலை எப்படிப் பிரிகின்றது?

பன்றி வேட்டையில் நாய் செய்யும் வேலையை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

1. தேடுதல் - காற்றிலும் நிலத்திலும் மணம் பிடித்தல்.
2. தடம் பிடித்தல் - பன்றி போன வழியே போதல்.
3. எழுப்புதல் - படுத்திருக்கும் பன்றியைக் கிளப்புதல்.
4. மறித்தல் - ஓடவிடாமல் சுற்றி நின்று குரைத்தல்.
5. பிடித்தல் - காதிலோ கன்னத்திலோ கவ்வி அசையாமல் வைத்திருத்தல்.

ஒரே நாய் ஐந்தையும் சிறப்பாகச் செய்வது அரிது. நான்காம் படியோடு நிற்கும் நாயை மறிநாய் என்றும், ஐந்தாம் படிக்குப் போகும் நாயைப் பிடிநாய் என்றும் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இரண்டின் உடலும் வேறு, மனமும் வேறு.

பிற நாடுகளின் அனுபவம்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் முற்காலத்தில் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு வளர்த்தார்கள். எவருடைய பன்றி என்பதைக் காதில் வெட்டிய அடையாளத்தால் அறிந்தார்கள். அந்தப் பன்றிகளைத் திரட்டுவதற்கு நாய்கள் தேவைப்பட்டன. லூசியானாவின் கற்றகூலா நாய் இவ்வாறு உருவானது. புள்ளி விழுந்த தோலும், பல நாய்களில் கண்ணாடி போன்ற வெளிர்நீலக் கண்ணும் கொண்டது. 1979இல் அம்மாநிலத்தின் நாயாக அறிவிக்கப்பட்டது. இந்த நாய் பன்றியைக் கடித்து இழுத்து வருவதில்லை. பன்றிக்கூட்டத்தின் முன்னே போய்க் குரைத்துச் சீண்டும். பன்றிகள் ஒன்றுகூடி நாயை எதிர்த்து நிற்கும். நாய் பின்வாங்கினால் துரத்தும். துரத்த விட்டபடியே பட்டிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது இந்த நாயின் திறமை. பன்றிக்கும் காயமில்லை, நாய்க்கும் காயமில்லை.

ரெக்சாஸ் மாநிலத்தின் நீல லேசி நாயும் இதே வகையானது. 1858இல் அங்கு குடியேறிய லேசி சகோதரர்களின் பெயரைக் கொண்டது. 2005இல் அம்மாநிலத்தின் நாயாக அறிவிக்கப்பட்டது. இது பெரிய நாயல்ல. நிறை 25 கிலோவுக்கு உட்பட்டது. வட கரோலினாவின் புளொட் நாய், ஜேர்மனியிலிருந்து 1750ஆம் ஆண்டளவில் வந்த குடும்பமொன்று கொண்டுவந்த பன்றி நாய்களின் வழி வந்தது. இதன் சிறப்பு மூக்கும் தொலைவுக்குக் கேட்கும் குரலும் ஆகும்.

பிடிநாய்க்கு உதாரணம் ஆர்ஜென்ரீனாவின் டோகோ நாய். கோர்டோபா நகரைச் சேர்ந்த அன்டோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ் என்பவர் 1920களில் சண்டை நாயோடு வேறு பல இனங்களைக் கலந்து இதனை உருவாக்கினார். வெண்ணிறம், அகன்ற தலை, பலமான கழுத்து, 40 கிலோ அளவான உடல். பன்றியைக் கவ்வினால் வேட்டைக்காரர் வரும்வரை விடாது. பிரித்தானியா 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தில் இந்த இனத்தையும் சேர்த்துத் தடுத்தது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் பிடிநாய் வைத்திருப்பவர்கள் அதனை முதலில் அவிழ்ப்பதில்லை. மறிநாய்கள் பன்றியைக் கண்டு நிறுத்தும்வரை பிடிநாய் கயிற்றிலேயே நிற்கும். அவிழ்க்கும்போதும் அதன் கழுத்தில் அகன்ற பட்டியும், நெஞ்சிலும் விலாவிலும் வெட்டுப்படாத தடித்த மேலங்கியும் இருக்கும். அப்படியிருந்தும் நாய்கள் காயப்படுகின்றன, இறக்கின்றன. அங்கியும் இல்லாமல், பக்கத்தில் மிருக வைத்தியரும் இல்லாமல் பிடிநாய் வைத்திருப்பது எமக்குக் கட்டுமா என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

எமது தீவிலும் இதற்குச் சான்று உண்டு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் ஒரு பெரிய நாய்க்கூட்டத்தை வைத்து மரையும் பன்றியும் வேட்டையாடினார். நாய்கள் கவ்விப் பிடிக்க, கத்தியால் குத்துவது அவர் முறை. செல்வந்தரான அவர் நாய்களைக் கப்பலில் வரவழைக்கக் கூடியவர். அவருடைய நல்ல நாய்களையும் பன்றிகள் வெட்டிச் சாய்த்தன என்பதை அவரது நூலே காட்டுகின்றது.

உடலமைப்பில் பார்க்க வேண்டியவை

நிறை: மறிநாய்க்கு 15 முதல் 30 கிலோ போதும். பாரம் கூடிய நாய் திரும்பவும் விலகவும் நேரமெடுக்கும். அந்த நேரத்தில்தான் வெட்டு விழும்.

நெஞ்சு: ஆழமாக இருக்க வேண்டும், மிக அகலமாக இருக்கக் கூடாது. ஆழமான நெஞ்சில் மூச்சுக்கு இடமுண்டு. அகன்ற நெஞ்சு கொண்ட நாய் வேகமாகக் களைக்கும்.

முகம்: நடுத்தரமான நீளம் நல்லது. தட்டை முகமுள்ள நாய்க்கு எமது வெயிலில் மூச்சு வாங்கும். நாய் உடற்சூட்டைத் தணிப்பது வாயால் இளைத்துத்தான் என்பதை மறக்கக் கூடாது.

பாதம்: விரல்கள் நெருங்கி, அடிப்பாதம் தடித்திருக்க வேண்டும். விரல் விரிந்த நாய்க்கு முள்ளும் கல்லும் விரைவில் பாதத்தைக் கெடுக்கும். பின்னங்கால் நேராகக் குத்தி நிற்காமல் சற்று வளைந்திருந்தால் பாய்ந்து விலக வசதி.

காது: சிறிய, நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காது பற்றைக்கு நல்லது. தொங்கும் நீளக் காதை முள் கிழிக்கும், உண்ணியும் பிடிக்கும்.

தோல்: குறுகிய உரோமம் நல்லது. உண்ணி பார்க்கவும் காயம் பார்க்கவும் இலகு.

நிறம்: இருட்டில் வெள்ளை நாய் தெரியும் என்று சிலர் விரும்புவர். ஆனால் முழு வெள்ளை நாய்களிற் செவிடு அதிகம். தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய், ஆர்ஜென்ரீனாவின் டோகோ ஆகிய இரண்டிலும் இக்குறை காணப்படுகின்றது. கற்றகூலாவில் புள்ளி நிறமுள்ள இரண்டைச் சேர்த்தால் செவிட்டுக் குட்டிகளும் குருட்டுக் குட்டிகளும் பிறக்கலாம். வெள்ளைக் குட்டி வாங்கினால், அது பார்க்காத பக்கமிருந்து கைதட்டிப் பாருங்கள்.

வேலை செய்யும் விதத்தில் பார்க்க வேண்டியவை

உடலைக் கண்ணால் பார்க்கலாம். வேலையைப் பழகித்தான் அறிய வேண்டும். நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

மூக்கு: சில நாய்கள் நேற்றைய பழைய தடத்தையும் எடுத்துப் போகும். சில நாய்கள் புதிய தடத்தை மட்டுமே எடுக்கும். பழைய தடம் எடுக்கும் நாய் பெருங்காட்டு வேட்டைக்கு நல்லது. தோட்டக் காவலுக்கு அது தொல்லை. இன்று வராத பன்றியைத் தேடி அது தொலைதூரம் போய்விடும். எமக்குப் புதிய மணத்துக்கு மட்டும் எழும்பும் நாய் போதும்.

வாய்: சில நாய்கள் தடத்திலேயே குரைத்துக்கொண்டு ஓடும். சில நாய்கள் பன்றியைக் காணும்வரை சத்தமில்லாமற் போகும். சத்தமில்லாத நாய் பன்றியை இலகுவாக நெருங்கும். குரைக்கும் நாய் தான் எங்கே நிற்கின்றது என்பதை எமக்குச் சொல்லும். பிற நாடுகளில் நாயின் கழுத்தில் இடம் காட்டும் கருவி கட்டுகிறார்கள். அக்கருவி இல்லாத எமக்கு நாயின் குரலே கருவி. மேலும், மறித்து நிற்கும்போது குரைப்பும், முயலைத் துரத்தும்போது குரைப்பும் ஒன்றல்ல. சொந்த நாயின் குரலைப் பிரித்தறியப் பழகிக்கொள்ளுங்கள்.

தூரம்: அழைத்தால் கேட்கும் தூரத்துக்குள் வேலை செய்யும் நாயே எமக்கு ஏற்றது.

துணிவு: மறிநாய்க்குத் துணிவு வேண்டும், ஆனால் அளவோடு. பன்றி பாயும்போது விலக வேண்டும், பன்றி திரும்பும்போது பின்காலில் சீண்ட வேண்டும். பயந்து திரும்பி ஓடும் நாய் பன்றியையும் உங்களிடம் கொண்டுவரும். வெறிகொண்டு பாயும் நாய் ஒரு போகம் தாண்டாது.

எமது ஊர் நாய்

இந்த அளவுகோல்களை வைத்து எமது ஊர் நாயைப் பாருங்கள். இலேசான உடல், நீண்ட முகம், குறுகிய உரோமம், தடித்த பாதம், பாதி நிமிர்ந்த காது, வெயில் தாங்கும் குணம், மிச்சச் சோற்றில் வாழும் வயிறு. மறிநாய்க்கு வேண்டியவற்றிற் பெரும்பகுதி அதனிடம் உண்டு. வெளியிலிருந்து பெருந்தொகை கொடுத்துப் பெரிய இன நாயை வாங்குவதால் கிடைப்பது அதிக தீனிச் செலவும், பிள்ளைகள் உள்ள வளவில் ஆபத்துமே. வாடகை வீட்டிலோ நெருக்கமான குடியிருப்பிலோ வாழும் குடும்பத்துக்கு அது சிறிதும் பொருந்தாது.

எத்தனை நாய் வைப்பது? ஒரு தோட்டத்துக்கு இரண்டு போதும். தனி நாயைப் பன்றி இலகுவாகத் துரத்திவிடும். இரண்டு நின்றால், ஒன்றை வெட்டப் பாயும்போது மற்றது பின்னால் சீண்டும். நான்கு ஐந்து சேர்ந்தால் நாய்கள் கூட்டத் துணிவில் பாய்ந்து கடிக்கத் தொடங்கும். அயலவரின் ஆட்டுக்குட்டியையும் விடா. ஒவ்வொரு நாயும் உணவு கேட்கும் ஒரு வாய் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாயைத் தோட்டத்து மூலையிற் கட்டி வைப்பது சில நாட்களுக்கே பயன் தரும். நாய் கட்டியிருக்கின்றது என்பதைப் பன்றி அறிந்துவிட்டால் மறு மூலையால் இறங்கும். கட்டத்தான் வேண்டுமென்றால் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். முள்வேலி, தகரச் சத்தம், காவற்கொட்டிலில் ஆள் ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் நாயின் பயன் முழுமையாகும்.

குட்டி தெரிதலும் பழக்குதலும்

தாயின் வேலையைப் பார்த்துக் குட்டியைத் தெரியுங்கள். தாய் தோட்டத்திற் காவல் நின்று பழகியதாக இருந்தால் நல்லது. 8 கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தகரத்தைத் தட்டும்போது திடுக்கிட்டு விலகி, பின்னர் என்னவென்று பார்க்க வரும் குட்டியே நல்லது. ஓடி ஒளித்து வெளியே வராத குட்டியும், எதையும் பொருட்படுத்தாது பாயும் குட்டியும் வேண்டாம்.

முதலிற் பழக்க வேண்டியது வேட்டையல்ல, திரும்பி வருதல். ஒரே சொல்லால் அல்லது ஒரே சீழ்க்கையால் அழையுங்கள். வந்ததும் ஒரு வாய் சோறோ கருவாட்டுத் துண்டோ கொடுங்கள். பிந்தி வந்தாலும் அடிக்க வேண்டாம். அடித்தால், அடுத்த முறை வராது. கோழி, ஆடு, கன்று ஆகியவற்றின் நடுவே கயிற்றோடு கொண்டு திரிந்து, அவற்றைத் தொடாமலிருக்கப் பழக்குங்கள். 10 மாதத்துக்கு முன் பன்றியின் முன் விட வேண்டாம். முதன்முறை அனுபவமுள்ள நாயொன்றோடு விடுங்கள். இளம் நாய் முதல் பன்றியிடமே வெட்டு வாங்கினால், ஒன்றில் இறக்கும் அல்லது பின்னர் பன்றியைக் கண்டால் ஒளிக்கும்.

பற்றைக்குள் இறங்க முன்

எமது வடக்கு, கிழக்குப் பிரதேசங்களுக்கு ஒரு விசேட ஆபத்து உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நாட்டிய இடங்களிலும், துப்புரவு செய்யப்பட்டதாக உறுதியாகாத பற்றைகளிலும் மிதிவெடி இருக்கலாம். நாய்க்குப் பலகை வாசிக்கத் தெரியாது. நாய் உள்ளே போனால் வெளியே நின்று அழையுங்கள். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், உள்ளே காயப்பட்டுக் கத்தினாலும், பின்னால் போக வேண்டாம். பிள்ளைகளையும் போகவிட வேண்டாம். காலுக்கு ஈடாக ஒரு நாயும் இல்லை, ஒரு பன்றியும் இல்லை. குரல் தருவதும் அழைத்தால் வருவதும் ஏன் முதற் தகுதிகள் என்பது இங்கே விளங்கும். கடித்துக்கொண்டு நிற்கும் நாய் எஜமானைப் பற்றைக்குள் இழுக்கும். மறித்துக் குரைக்கும் நாயை வெளியே நின்றே கூப்பிட்டு எடுக்கலாம்.

கட்டுத்துவக்கு, கம்பிச் சுருக்கு, உணவிற் பொதிந்த பன்றி வெடி ஆகியவற்றை எவரும் வைக்க வேண்டாம். இவை பன்றியைத் தெரிந்து கொல்வதில்லை. உங்கள் நாய், அயலவரின் மாடு, யானை, சிறுத்தை, விறகுக்குப் போன மனிதர் எல்லோரையும் அழிக்கும்.

தேசிய வனங்களிலும் சரணாலயங்களிலும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். மான், மரை, அழுங்கு முதலியவற்றை நாய் பிடித்தாலும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் காணி எந்த எல்லைக்குள் வருகின்றது என்பதைக் கிராம அலுவலரிடமும் வனசீவராசிகள் அலுவலரிடமும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

காயமும் நோயும்

பன்றி வெட்டிய காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். கொதித்து ஆறிய உப்புநீரால் நன்றாகக் கழுவுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ள வேண்டாம். ஈரமான சுத்தத் துணியாற் சுற்றி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அழுக்குக் காயத்தை வீட்டில் தைத்து மூட வேண்டாம். மண்ணெண்ணெய், கழிவெண்ணெய் பூச வேண்டாம். நோவுக்கென்று பனடோல் கொடுக்கவும் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சாகலாம். காயம் ஆறும்வரை ஈ மொய்க்காமற் பாருங்கள். புழு பிடித்தால் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். எந்த நாயாவது கடித்தால் காயத்தை 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது நல்லது. வளர்க்க முடியாத குட்டிகளைத் தெருவில் விடும் நிலை வராது.

பச்சைப் பன்றி இறைச்சியையும் குடலையும் நாய்க்குப் போட வேண்டாம். அவுஸ்திரேலியாவில் காட்டுப்பன்றியிலிருந்து புரூசெல்லா என்னும் நோய் நாய்களுக்கும் வேட்டைக்காரருக்கும் தொற்றியுள்ளது. அமெரிக்காவில் பன்றியின் வைரஸ் நோயொன்று நாய்களைச் சில நாட்களிலேயே கொல்கின்றது. இறைச்சி வெட்டுபவர் கையிற் காயமிருந்தால் அவ்வேலையைத் தவிர்க்க வேண்டும். இலங்கையில் 2024இல் பண்ணைப் பன்றிகளிடையே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. இது மனிதரையும் நாயையும் தாக்காது. ஆனால் கழிவிறைச்சி, செருப்பு, கத்தி வழியாக வீட்டுப் பன்றிக்குப் போய்ச் சேரும். காட்டிற் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் அலுவலருக்கு அறிவியுங்கள்.

நினைவில் வைத்திருங்கள்

- பெரிய நாயை விட விலகத் தெரிந்த நாய் மேல்.
- கடிக்கும் நாயை விட குரல் தரும் நாய் மேல்.
- தூரம் போகும் நாயை விட அழைத்தால் வரும் நாய் மேல்.
- நாய் போகும் இடமெல்லாம் நாம் போகலாகாது.

பன்றி செத்ததா என்பது எமக்கு முக்கியமல்ல. மரவள்ளி நின்றதா, நாய் வீட்டுக்கு வந்ததா, வீட்டுக்காரர் இரண்டு காலோடும் வந்தாரா என்பவையே முக்கியம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் உங்கள் நாய் நல்ல பன்றி நாய்தான். அடுத்த காலபோகத்துக்கு முன் உங்கள் வளவில் நிற்கும் நாயை இந்த அளவுகோலால் ஒருமுறை பாருங்கள். தேடியலைய வேண்டிய நாய் ஏற்கனவே உங்கள் வாசலிற் படுத்திருக்கக் கூடும்.